பம்பு அந்தக் கரையில், வண்டி இந்தக் கரையில்

லுபோருக்குப் பிழைப்பு பால் வண்டி. விடியற்காலையில் பண்ணை பண்ணையாகச் சுற்றிப் பாலை ஏற்றிக்கொண்டு போய் நகரத்து ஆலையில் இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவார். மீதிப் பொழுதெல்லாம் தீயணைப்புப் படைக்கு. அதற்குச் சம்பளம் கிடையாது. ஹப்ரினா என்ற அந்தச் செக் கிராமத்தில் முந்நூறு பேர் இருந்தால் நாற்பது பேர் படையில் இருந்தார்கள். ஊரில் தீப்பிடிப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. தீயைப் பற்றிப் பேசப் படை கூடுவது வாரத்துக்கு இரண்டு தடவை. பேசினால் தொண்டை வறளும், அதற்குப் பீர். லுபோர்தான் படைத்தலைவர். அவரைத் தவிர வேறு யாரும் படிவம் நிரப்பச் சம்மதிக்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஊருக்குக் கீழே ஓர் ஓடை, அதன்மேல் ஒரு பாலம். பாலம் தாண்டினால் போலந்து. அங்கே இருக்கும் ஊர் கிரபினா. இரண்டு பெயருக்கும் ஒரே மரம்தான் மூலம். கிரபினா படையின் தலைவர் ஜிக்முந்த், உருளைக்கிழங்கு விவசாயி. அவருடைய தங்கை தனுதாவைத்தான் லுபோர் கட்டியிருந்தார்.

"மரத்துக்கு ஒழுங்கான பேரு எங்ககிட்டதான் இருக்கு மாப்ள. உங்க ஆளுங்களுக்கு முதல் எழுத்த வாயத் தொறந்து சொல்லச் சோம்பல். ஹ, ஹன்னு இருமிக்கிட்டே காலத்த ஓட்டிட்டீங்க," என்பார் ஜிக்முந்த்.

"இருமினாலும் பீரு எங்களுதுதானே நல்லா இருக்கு. வாரா வாரம் குடம் எடுத்துக்கிட்டு யாரு வர்றா மச்சான்?" என்பார் லுபோர்.

இருபத்தைந்து வருஷமாக இதே பேச்சு. தனுதா இருவரையும் பொருட்படுத்துவதில்லை.

இரண்டு ஊரிலும் இருந்த வண்டிகள் கிழடு தட்டியவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லையோர ஊர்களின் நட்புக்கென்று ஒரு நிதி உண்டு. இரண்டு ஊரும் சேர்ந்து மனுப் போட்டன. கிடைத்தும் விட்டது: புத்தம் புது சிவப்பு வண்டி, தண்ணீர்த் தொட்டி, குழாய்ச் சுருள்கள், ஏணி, எங்கு வேண்டுமானாலும் தூக்கிப்போய் வைக்கக்கூடிய ஒரு நல்ல பம்பு. திட்ட அதிகாரி திருமதி ருஜிச்கோவா ஒப்பந்தத்தோடு வந்து, எல்லாவற்றையும் ஹப்ரினா கொட்டகையில் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"எல்லாமே ஒரே நாட்டுல நின்னா இது எல்லை தாண்டுன திட்டம் ஆகாதுங்களே. பாதிப் பொருள் அந்தப் பக்கம் இருக்கணும்."

"பம்பு இல்லாத வண்டிய வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்றார் லுபோர்.

"நெருப்பு வந்தா ரெண்டையும் ஒண்ணு சேர்ப்பீங்க இல்லையா? அதுக்குப் பேருதான் ஒருங்கிணைப்பு."

இப்படியாக வண்டி ஹப்ரினாவில் நின்றது. பம்பு கிரபினாவுக்குப் போயிற்று. இது ஐந்து வருஷ ஏற்பாடு. வருஷத்துக்கு நான்கு கூட்டுப் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னறிவிப்பு. இரண்டு நாட்டுக்காரரும் கைகுலுக்கும் புகைப்படம். படத்தில் ஒன்றியத்தின் நட்சத்திரக் கொடி போட்ட பலகை தெளிவாகத் தெரிய வேண்டும். தவறினால் வண்டியையும் பம்பையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

முதலிரண்டு வருஷம் ஒரு குறையுமில்லை. சங்கு ஊதினால் லுபோர் வண்டியை எடுத்துப் பாலத்தைக் கடப்பார். ஜிக்முந்தும் மூன்று பேரும் பம்பைத் தூக்கி ஏற்றுவார்கள். நாலே நிமிஷம். இரண்டு வைக்கோல் போர், ஒரு புகைபோக்கி, ஒரு பாதிரியாரின் கார் என்று பிடித்த தீயையெல்லாம் அணைத்தார்கள். எல்லை என்று ஒன்று இருந்ததே ஆட்களுக்கு மறந்து போயிருந்தது.

அப்புறம் உலகத்தையே முடக்கிய தொற்று வந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் பாலத்தின் குறுக்கே சிமென்ட் கட்டைகள் இறங்கின. நட்ட நடுவில், எல்லைக்கோட்டின் மேலேயே, காவலுக்கு ஒரு தகரப் பெட்டி வீட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். கதவு போலந்தைப் பார்த்திருந்தது, ஜன்னல் செக்கைப் பார்த்திருந்தது. தனுதாவால் அண்ணன் வீட்டுக்குப் போக முடியவில்லை. வண்டி இங்கே, பம்பு அங்கே. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற கதை.

லுபோருக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதம் வந்தது. சுகாதாரத் துறையுடையது: வெளிநாட்டவரை இரண்டு மீட்டருக்குள் நெருங்கினால் தண்டனை. திருமதி ருஜிச்கோவாவுடையது: வசந்த காலப் பயிற்சியின் கைகுலுக்கல் படம் இன்னும் வரவில்லை.

லுபோர் இரண்டையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனுதா மாவு பிசைந்த கையோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கைதானே குலுக்கணும்? உங்க கைதான்னு எழுதியிருக்கா?"

அப்படி எழுதியிருக்கவில்லை. அடுத்த பத்தாம் நாள் லுபோர் ஓடையின் இந்தக் கரையில் நின்று, கொக்கிக் கழியின் நுனியில் வைக்கோல் திணித்த கையுறையை நீட்டினார். ஜிக்முந்த் அந்தக் கரையிலிருந்து இன்னொன்றை நீட்டினார். ஓடைக்கு மேலே இரண்டு கையுறைகளும் தடவித் தடவி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"இறுக்கிக் குலுக்கு மாப்ள! செத்த மீனப் புடிச்ச மாதிரி இருக்கு!" என்று கத்தினார் ஜிக்முந்த்.

படம் ஏற்கப்பட்டது. பலகை கொஞ்சம் சாய்ந்திருப்பதாக மட்டும் ஒரு குறிப்பு வந்தது.

கோடையில் கட்டைகளை அகற்றினார்கள். குளிரில் திரும்பவும் வைத்தார்கள். பட்ட காலிலே படும் என்பார்களே, இரண்டாம் முறை மூடியபோது தலைநகரங்கள் இரண்டும் தண்ணீருக்காக வேறு முட்டிக்கொண்டிருந்தன. யார் சுரங்கம் யார் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று வழக்கு. மாவட்ட அலுவலகத்திலிருந்து லுபோருக்கு மூன்றாவது வகைக் கடிதம் வந்தது: தீர்ப்பு வரும்வரை எல்லை ஓடையில் எடுக்கும் தண்ணீர் எந்த நாட்டுப் பாதியில் எடுத்தது என்று குறித்து வைக்க வேண்டும். லுபோர் ஓடைக்குப் போய்ப் பார்த்தார். தண்ணீர் குறுக்கும் நெடுக்குமாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், லுபோர் சாப்பிட உட்கார்ந்தபோது ஜன்னல் வழியே புகை தெரிந்தது. பாலத்தின் நடுவிலிருந்து வந்தது. காவல் பெட்டி எரிந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் காவலில் இருந்தவர் சார்ஜென்ட் பியாந்தெக் என்ற ஐம்பது வயதுப் போலந்துக்காரர். கடமையில் எள்ளளவும் பிசகாத மனிதர். அன்றைக்குக் குளிர் தாங்காமல் ஹீட்டரைப் படுக்கப் போட்டு, அதன்மேல் சட்டியை வைத்துத் தொத்திறைச்சி வறுத்திருக்கிறார். கொழுப்பு தெறித்தது. ஜன்னல் திரை பற்றிக்கொண்டது.

லுபோர் சங்கை ஊதிவிட்டு வண்டியோடு கட்டை வரைக்கும் வந்தார். அந்தப் பக்கம் ஜிக்முந்த் டிராக்டரின் பின்னால் உருளைக்கிழங்கு வண்டியில் பம்பை வைத்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நடுவில் சார்ஜென்ட், ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் சட்டி.

"சார், கொஞ்சம் தள்ளுங்க. பம்பக் கொண்டு போகணும்!" என்றார் ஜிக்முந்த்.

"அனுமதிச் சீட்டு இல்லாம எந்த எந்திரமும் கோட்டத் தாண்டக் கூடாது."

"அப்போ சீட்டக் குடுய்யா!"

சார்ஜென்ட் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "சீட்டுப் புத்தகம் உள்ள இருக்கு. முத்திரையும் உள்ளதான் இருக்கு."

மூன்று பேரும் ஒரு கணம் நெருப்பைப் பார்த்தபடி நின்றார்கள். சார்ஜென்ட் மேலதிகாரியை அழைத்தார். தொலைபேசியில் கேட்ட குரல் லுபோருக்கே காதில் விழுந்தது.

"தீ எந்த நாட்டுல எரியுது?"

"நடுவுலங்க ஐயா."

"கொஞ்சமாவது ஒரு பக்கம் சாஞ்சிருக்கும்ல, பாத்துச் சொல்லு."

"காத்து அடிக்கறப்ப செக் பக்கம் சாயுதுங்க. நின்னா நம்ம பக்கம் வருதுங்க."

"அப்படின்னா கூட்டு ஆணையம்தான் முடிவு பண்ணணும். வியாழக்கிழமை கூடுறாங்க."

லுபோர் சாதுவான மனிதர். பால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அவசரம் ஆகாது. ஆனால் அப்போது அவருக்கு என்ன வந்ததோ, குழாய்ச் சுருளைத் தூக்கிக் கட்டைக்கு மேலே வீசினார். "மச்சான், எந்திரத்துக்குத்தான் சீட்டு வேணும். குழா எந்திரம் இல்ல. நீ கீழ எறங்கு!"

ஜிக்முந்தும் ஆட்களும் பம்பைத் தங்கள் கரையில் ஓடையோரம் இறக்கினார்கள். உறிஞ்சு குழாயைத் தண்ணீரில் போடப் போன ஜிக்முந்த் நிமிர்ந்து கத்தினார்: "மாப்ள! உங்க பாதித் தண்ணியா, எங்க பாதித் தண்ணியா? கோர்ட்டுல கேப்பானுங்க!"

"நெருப்பக் கேட்டுட்டுப் போடு!"

பம்பு உறுமியது. தண்ணீர் பீறிட்டுக் கிளம்பி முதலில் பெட்டியில் படவில்லை, சார்ஜென்ட்மேல் பட்டது. அந்த வேகத்திலும் புகையிலும் கண் தெரியாமல் ஓடிய அவர், கட்டைகளைத் தாண்டி லுபோரின் காலடியில் வந்து விழுந்தார். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார். சட்டியில் தொத்திறைச்சி அப்படியே இருந்தது. அப்புறம்தான் சுற்றும் முற்றும் பார்த்தார். ஹப்ரினா மாதா கோவிலின் பின்பக்கம் தெரிந்தது. அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

அரை மணி நேரத்தில் தீ அடங்கியது. பெட்டியின் சட்டம் மட்டும் மிஞ்சியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் சார்ஜென்ட்டால் திரும்பிப் போக முடியவில்லை. வெளிநாட்டுக்குள் வந்தவர் பத்து நாள் தனித்திருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்துச் சட்டம். வெளிநாட்டில் இருந்தவர் பத்து நாள் கழித்துத்தான் நுழையலாம் என்பது அந்தப் பக்கத்துச் சட்டம். முதல் முறையாக இரண்டு அரசுகளும் ஒரே கருத்தில் இருந்தன.

தனுதா மாடியறையை ஒழித்துக் கொடுத்தாள். துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று ஊர்க் காவலர் சொன்னார். அந்த வீட்டில் பூட்டு இருந்த ஒரே இடம் பன்றி இறைச்சிக்குப் புகை போடும் அறை. அங்கே தொங்கவிட்டார்கள்.

சார்ஜென்ட் கடமையை விடவில்லை. மாடி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கொரு முறை வாக்கிடாக்கியில் சொன்னார்: "பாலத்தில் நடமாட்டம் இல்லை." இருக்க வழியில்லை. பாலத்தைக் காக்க ஆள் இல்லாததால் யாருக்கும் சீட்டுக் கொடுப்பாரில்லை. சீட்டு இல்லாததால் யாரும் கடப்பாரில்லை. மேலதிகாரி அவரைப் பாராட்டினார்.

தனுதா தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவாள்.

"அண்ணே, முட்டக்கோஸ் சூப்பு. நம்ம ஊரு முறைல வெச்சது."

"தங்கச்சி, பதினஞ்சு வருஷமா முகாம் சாப்பாடு. உன் கைச் சாப்பாட்டுக்கு இன்னொரு பெட்டியக் கொளுத்தலாம்போல இருக்கு."

"வாய மூடிக்கிட்டு சாப்புடுங்க. கீழ அவரு காதுல விழுந்தா அதுக்கும் ஒரு படிவம் எடுத்துட்டு வருவாரு."

பத்தாம் நாள் அவர் இரண்டு கிலோ எடை கூடி, புகைத்த இறைச்சி மணக்கும் துப்பாக்கியோடு நாடு திரும்பினார். கிரபினா நாய்கள் அவரை ஊர் முழுக்கத் துரத்தின.

லுபோருக்கு நிம்மதி நீடிக்கவில்லை. அந்தத் தீயணைப்பைக் குளிர்காலப் பயிற்சியாகக் கணக்கில் சேர்க்கும்படி எழுதியிருந்தார். திருமதி ருஜிச்கோவாவின் பதில் வந்தது: தீ விபத்து பத்து நாள் முன்பே அறிவிக்கப்படவில்லை, எனவே ஏற்க இயலாது. பயிற்சி ஒன்று குறைவதால் வண்டியைத் திரும்பப் பெறும் நடவடிக்கை தொடங்கும்.

லுபோர் கொட்டகைக்குப் போய் வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த தனுதா அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள்.

அவள் எழுதிய அறிக்கை ஒன்றரைப் பக்கம். "எல்லை தாண்டி இடம்பெயர்ந்த ஒருவருக்கு அவசரக் காலத் தங்குமிடம், உணவு, ஆயுதப் பாதுகாப்பு, பத்து நாள் தொடர் பயிற்சி" என்று தலைப்பு. பயிற்சியில் பங்கேற்ற நாடுகள் இரண்டு. படமும் இருந்தது: தனுதா வாங்கி வைத்திருந்த நட்சத்திரக் கொடிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து நீண்ட கொக்கிக் கழியின் கையுறையைக் குலுக்கியபடி மாடி ஜன்னலில் சார்ஜென்ட். அவர் வந்த அன்றைக்கே முன்னறிவிப்பும் அனுப்பியிருந்தாள். பயிற்சி பத்தாம் நாளில் முடிந்ததாகக் கணக்கு.

"பத்து நாளுக்கு முன்னாடின்னுதானே சொல்லியிருக்காங்க? ஆரம்பத்துக்கு முன்னாடியா, முடிவுக்கு முன்னாடியான்னு சொல்லலையே," என்றாள்.

அறிக்கை ஏற்கப்பட்டது மட்டுமல்ல, மேலே மேலே போயிற்று. ஒவ்வொரு மேசையிலும் யாரோ அதன் ஓரத்தில் "அருமை" என்று எழுதினார்கள். அதற்குள் பக்கத்து நாட்டில் போர் மூண்டுவிட்டது. கிரபினா கொட்டகையில் பம்புக்கு இருபுறமும் கட்டில் போட்டு, உக்ரைனிலிருந்து வந்த லெஸ்யா என்ற பெண்ணும் அவளுடைய தாயாரும் தங்கினார்கள். டீசல் விலை ஏறியதால் பயிற்சிக்கு வண்டியை நாற்பது பேர் சேர்ந்து பாலம் வரைக்கும் தள்ளினார்கள். பம்பு அறையை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு கடிதம் வந்தது. அகதிகளுக்கு எல்லா அறையையும் திறந்து விட வேண்டும் என்று இன்னொன்று வந்தது. லெஸ்யா சர்க்கரை ஆலையில் எந்திரம் பழுது பார்த்தவள். இரண்டு கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினார்கள். அவள் சிரித்துவிட்டு, பம்பின் கசிவைச் சரிசெய்தாள்.

கடைசியில் லுபோருக்கே பிரஸ்ஸல்ஸிலிருந்து அழைப்பு வந்தது. "ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கடிகள் கவிந்த காலத்தில் ஒருங்கிணைப்பின் சவால்கள்" என்று கருத்தரங்கு. இரண்டு பேராசிரியர்களுக்கு நடுவே அவரை உட்கார வைத்தார்கள். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு வயிற்றில் பூட்ட மறுத்தது. செக் மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் என்று அந்தக் கண்ணாடிக் கூண்டு காலியாக இருந்தது. போலிஷ் கூண்டில் ஆள் இருந்தார். மனைவி வீட்டு மொழிதானே என்று லுபோர் போலிஷில் ஆரம்பித்தார்.

நன்றாகத்தான் போயிற்று, "நாங்கள் எல்லோரும் பம்பைத் தேடினோம்" என்று சொல்லும் வரைக்கும். போலிஷில் தேடுவதற்கு உள்ள சொல், செக்கில் கட்டில் சமாச்சாரம். நாலு பேர் நடுவில் சொல்லக் கூடாதது. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் லுபோருக்கு உறைத்தது. மூன்றாம் வரிசையில் இருந்த செக் பிரதிநிதிகள் ஏழு பேரும் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்கள். மற்ற இருபத்தாறு நாட்டுக்காரர்கள் குறிப்பெடுத்தார்கள்.

நடத்திய அம்மாள் கேட்டார்: "உங்கள் அனுபவத்தில் ஒன்றியம் முதலில் செய்ய வேண்டிய சீர்திருத்தம் என்ன?"

லுபோர் நெடுநேரம் யோசித்தார். தலைவலி தரும் விளக்கு வெளிச்சம். "பம்ப வண்டியில வெச்சா நல்லா இருக்கும்," என்றார்.

வலப்பக்கத்துப் பேராசிரியர் மெல்லத் தலையசைத்து, இது ஆழமான உருவகம் என்றார். இடப்பக்கத்துப் பேராசிரியர் அதை மறுத்தார். இருவரும் மதிய உணவு வரை வாதாடினார்கள். லுபோர் அப்படியொன்றும் இல்லை என்று இரண்டு முறை கை தூக்கிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஐந்து வருஷக் கெடு முடிந்தது. இனிமேல் வண்டியையும் பம்பையும் விருப்பம்போல ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று திருமதி ருஜிச்கோவா வாழ்த்தோடு எழுதினார். அன்று சாயங்காலமே இரண்டு படையும் கூடின.

"அப்போ பம்ப எடுத்துட்டு வந்துடுறோம் மச்சான்," என்றார் லுபோர்.

"எதுக்கு? வண்டி இங்க வரட்டும்," என்றார் ஜிக்முந்த்.

"கொட்டக எங்களுதுதானே புதுசு?"

"அஞ்சு வருஷம் பம்பத் தொடச்சு வெச்சது யாரு? உங்க பாட்டனா?"

தொற்றும் வழக்கும் போரும் பிரிக்காத இருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் ஞாயிறு தனுதா அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. அண்ணன் வீட்டிலும் அண்ணி அடுப்பைப் பற்றவைக்காமல் பார்த்துக்கொண்டாள். மாலைக்குள் உடன்பாடு ஏற்பட்டது: ஆறு மாதம் எல்லாம் ஹப்ரினாவில், ஆறு மாதம் எல்லாம் கிரபினாவில். முதல் முறை கிரபினாவுக்கு.

ஊர்கூடிப் பாட்டோடு வண்டியைப் பாலம் தாண்டி அழைத்துப் போனார்கள். கிரபினா கொட்டகையின் வாசல் வண்டியைவிடப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தாழ்வு. சக்கரத்தில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் கிடைத்தது. வாசலை உயர்த்த நிதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள். எந்த நெருக்கடியின் கீழ் வாசலைச் சேர்ப்பது என்று அலுவலகம் ஆலோசித்துக்கொண்டிருக்கிறது.

பம்பு உள்ளே, லெஸ்யாவின் பொறுப்பில், கதகதப்பாக இருக்கிறது. வண்டி வெளியே நிற்கிறது. பால் ஏற்றப் போகும் வழியில் லுபோர் தினமும் பாலத்தைக் கடந்து அங்கே நிறுத்தி, தார்ப்பாயின் மேலிருந்து பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, என்ஜினை ஐந்து நிமிஷம் ஓட விடுகிறார். சில நாள் ஜிக்முந்த் கையில் காப்பியோடு வெளியே வந்து, அவர் துடைப்பதில் குற்றம் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நிற்கிறார்.